குயில் முட்டையும் 13 ஊர்ப் பயணமும்

காணை, கோலியனூர், விக்கிரவாண்டி, முகையூர், திருவெண்ணெய்நல்லூர், கண்டமங்கலம், வானூர், மயிலம், மரக்காணம், ஒலக்கூர், வல்லம், செஞ்சி, மேல்மலையனூர்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து போனபிறகு விழுப்புரம் மாவட்டத்தில் மிஞ்சிய 13 ஊராட்சி ஒன்றியங்கள் இவை. விழுப்புரத்திலிருந்து ஒரு ஜீப் கிளம்பி, இந்த 13 ஊருக்கும் ஒருமுறை போய்விட்டு மறுபடி விழுப்புரத்துக்கே வந்து சேர வேண்டும். டீசல் குறைவாகச் செலவாக வேண்டும். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர்?

அனுபவமுள்ள டிரைவரிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கோலியனூர், கண்டமங்கலம், வானூர் என்று கிழக்கே போய், மரக்காணத்தில் கடற்கரையைத் தொட்டு, ஒலக்கூருக்கு ஏறி, திண்டிவனம் வழியாக மயிலம், வல்லம், அப்புறம் மேல்மலையனூர், செஞ்சி, காணை, முகையூர், திருவெண்ணெய்நல்லூர், வீடு. சரி, விக்கிரவாண்டி எங்கே? மயிலத்தோடு சேர்த்து முடிப்பதா, காணைக்குப் போகும்போது எட்டிப் பார்ப்பதா? இந்த ஒரு ஊரை எங்கே செருகுவது என்று இரண்டு டிரைவர்கள் டீ ஆறும்வரை சண்டை போடலாம்.

எல்லா வழியையும் எழுதிப் பார்த்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். 13 ஊரை வரிசைப்படுத்த 622 கோடியே 70 லட்சத்து 20 ஆயிரத்து 800 வழிகள் இருக்கின்றன. போன வழியிலேயே தலைகீழாகத் திரும்பினால் தூரம் ஒன்றுதான் என்பதால் பாதியைக் கழித்துவிடலாம். மிச்சம் 311 கோடிக்கு மேல். விநாடிக்கு ஒரு வழி என்று ராத்திரி பகல் பார்க்காமல் கணக்குப் போட்டால் முடிக்க ஏறக்குறைய 99 வருடம் ஆகும்.

கம்ப்யூட்டர் விநாடிக்கு ஒரு கோடி வழி பார்க்குமே என்றால், ஊர்களை 13-லிருந்து 20 ஆக்கிப் பாருங்கள். ஏழே ஏழு ஊர்தான் கூடியிருக்கிறது. விநாடிக்கு ஒரு கோடி வழி பார்க்கும் கம்ப்யூட்டருக்கே 3,850 வருடத்துக்கு மேல் ஆகும். சங்க காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே அதை ஆன் செய்திருந்தால் இப்போதுதான் முடித்திருக்கும்.

கணக்கு வாத்தியார்கள் இதை 'பயண விற்பனையாளர் புதிர்' என்பார்கள். ஊர் ஒவ்வொன்றாகக் கூடும்போது வழிகள் வெடித்துப் பெருகும் இந்த வகைக் கணக்குகளுக்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. பஸ் டிரைவர், கண்டக்டர் டியூட்டி போடுவது, பரீட்சை ஹால் ஒதுக்குவது, சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசை ரயிலும் வந்து சேரும் விழுப்புரம் ஜங்ஷனில் எந்த ரயிலை எந்த நடைமேடையில் நிறுத்துவது என்பது... எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

நல்லவேளை, எல்லா வழியையும் எண்ணாமலே விடை காணும் சாமர்த்தியங்கள் உண்டு. 1962-ல் ஹெல்ட், கார்ப் என்ற இருவர் எழுதிய முறையில் போட்டால் 13 ஊர்க் கணக்கு பதினைந்து லட்சம் அடிகளுக்குள் அடங்கிவிடும். உங்கள் கையில் இருக்கும் செல்போன் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். ஊர்கள் நூற்றுக்கணக்கில் போனாலும் ஒரு வண்டி, ஒரு டிரைவர் என்றால் இன்றைய மென்பொருள் சமாளித்துவிடுகிறது. பல வண்டி, பல டிரைவர், இவருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் டியூட்டி கூடாது, இந்த ஊருக்கு ஸ்கூல் விடும் நேரத்தில் பஸ் இருக்க வேண்டும், கடைசி வண்டி ராத்திரி டெப்போவுக்கே திரும்ப வேண்டும் என்று நிபந்தனைகள் சேரும்போதுதான் சிக்கல். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம், ஒரு காலத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பஸ் முதுகில் எழுதியிருந்ததே அதுதான், கடலூர், வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் வரை பஸ் ஓட்டுகிறது. அவ்வளவு பெரிய கழகத்துக்கு 'இதைவிடச் சிறந்த அட்டவணை கிடையவே கிடையாது' என்று நிரூபித்துக் கொடுக்கும் முறை யாரிடமும் இல்லை. 'பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்கிற அளவுக்கு விடை தரும் முறைகள்தான் உண்டு.

அப்படிப்பட்ட முறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாமே 'நான்தான் சிறந்தவன்' என்கின்றன. எதை நம்புவது?

கோயம்புத்தூரில் கூவிய குயில்

2009 டிசம்பரில் கோயம்புத்தூரில், இயற்கையிலிருந்து பாடம் படிக்கும் கம்ப்யூட்டர் முறைகளுக்காக ஓர் உலக மாநாடு நடந்தது. அதில் ஜின்-ஷி யாங், சுவாஷ் தேப் என்ற இருவர் 'குயில் தேடல்' என்ற முறையை அறிமுகம் செய்தார்கள். யாங் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார், தேப் புவனேஸ்வரத்தில்.

குயில் காக்கா கூட்டில் முட்டை போடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. யாங்கும் தேபும் அதைக் கணக்காக்கினார்கள். ஒவ்வொரு முட்டையும் ஒரு விடை. 13 ஊர்க் கணக்கில், ஒரு முட்டை என்றால் ஒரு பயண வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். குயில் புதிதாக ஒரு முட்டையோடு பறந்து வந்து ஏதோ ஒரு கூட்டில் எட்டிப் பார்க்கும். அங்கே இருக்கும் முட்டையைவிடத் தன்னுடையது நல்லதாக இருந்தால் பழையதைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைக்கும். அவ்வப்போது காக்கா கண்டுபிடித்துவிடும். அதனால் மோசமான கூடுகளில் ஒரு பங்கை, சுமார் கால் பங்கை, கைவிட்டுவிட்டுப் புதுக்கூடு கட்டவேண்டும். குயில் பறப்பதிலும் ஒரு கணக்கு: பெரும்பாலும் பக்கத்துக் கிளைக்குத் தாவும், எப்போதாவது சடாரென்று அடுத்த ஊருக்கே போய்விடும்.

சொல்வதற்கு அழகான கதை. சோதித்துப் பார்த்தபோது பழைய முறைகளை ஜெயித்தது என்று கட்டுரை சொன்னது. உலகம் முழுக்கப் பரவியது. முதலில் வேறு வகைக் கணக்குக்காக எழுதப்பட்ட அதை, 2014-ல் யாங்கும் வேறு இருவரும் பயண விற்பனையாளர் புதிருக்கும் மாற்றி எழுதினார்கள்.

குயில் மட்டுமா? வௌவால் வந்தது, மின்மினி வந்தது, சாம்பல் ஓநாய் வந்தது, திமிங்கலம் வந்தது. கச்சேரியில் சுருதி சேர்ப்பதுபோல என்று ஒரு முறை 2001-லேயே வந்திருந்தது. ஒரு கட்டத்தில் இந்தத் துறை வண்டலூர் பூங்கா மாதிரி ஆகிவிட்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் சோரென்சன், உவமையின் வேஷத்தைக் கலைப்பதாகத் தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதி, புது மிருகத்தின் பெயரை வைத்தால் புது முறை ஆகிவிடுமா என்று கோபித்துக்கொண்டார். அந்தச் சுருதி முறையை டென்னிஸ் வெய்லாண்ட் என்பவர் 2010-லேயே பிரித்துப் பார்த்து, பல வருடங்களாக இருந்துவரும் பரிணாம முறை ஒன்றின் தனி வடிவம்தான் இது என்று காட்டியிருந்தார்.

குயிலின் முறையும் வந்தது. 2022-ல் கமாச்சோ-வில்லலோன், மார்க்கோ டொரிகோ, தாமஸ் ஸ்டூட்ஸ்லே என்ற மூவர் குயில் தேடலை வரி வரியாகப் பிரித்தார்கள். முட்டை, கூடு, காக்கா என்ற பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கணக்கை மட்டும் பார்த்தால், எல்லாமே 1980-களிலும் 90-களிலும் வேறு பெயரில் ஏற்கெனவே இருந்தவை என்பது அவர்கள் தீர்ப்பு. இதில் வேடிக்கை, இந்த டொரிகோதான் 1990-களில் எறும்புகளைப் பார்த்து 'எறும்புக் கூட்ட முறை'யைக் கண்டுபிடித்தவர். மிருகக்காட்சி சாலைக்கு முதல் கூண்டு கட்டியவர்களில் ஒருவரே வந்து பூட்டுப் போடச் சொல்கிறார்!

குயில் முறையை ஓட்டினால் விடை வராது என்பது இல்லை. வரும், சில நேரம் நல்ல விடையே வரும். அது புதிதா, இருப்பவற்றைவிட உண்மையில் மேலா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் பரிசோதனையை எப்படிச் செய்வது என்பது தனி வித்தை.

நோஞ்சானை ஜெயித்த பயில்வான்

ஒரு கற்பனைக் கணக்கு. ஏதோ ஒரு மாவட்டத்தில் சரக்கு லாரி சுற்றிவர, இருப்பதிலேயே குறைந்த தூரம் 1,000 கிலோமீட்டர். 'பக்கத்தில் எந்த ஊரோ அதற்குப் போ' என்ற எளிய முறையில் போனால் 1,250 கிலோமீட்டர் ஆகிறது. புதிதாக ஒரு ஏ.ஐ. முறை வந்து 1,100 கிலோமீட்டரில் முடிக்கிறது. '12 சதவிகிதம் மிச்சம்!' என்று பேனர் வைக்கலாம். பொய்யே இல்லை, 150 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது.

ஆனால் 1973-ல் லின், கெர்னிகான் என்ற இருவர் எழுதிய முறை இதே மாதிரிக் கணக்குகளில் சராசரியாக இரண்டு சதவிகிதப் பிசகுக்குள் வந்து நிற்கும். அதாவது 1,020 கிலோமீட்டர். ஐம்பது வயது தாண்டிய அந்த முறையோடு மோதியிருந்தால் புது ஏ.ஐ.க்குப் படுதோல்வி. பேனர் வைத்தவர் அதனோடு மோதவே இல்லை. நோஞ்சானைக் கூட்டிவந்து ஜெயித்துவிட்டுப் பயில்வான் பட்டம் வாங்கிக்கொண்டார். ('பக்கத்து ஊர்' முறை சராசரியாக 25 சதவிகிதம் கூடுதலாகச் சுற்றவைக்கும் என்பதும், லின்-கெர்னிகான் இரண்டு சதவிகிதத்தில் நிற்கும் என்பதும் பலமுறை பரிசோதித்துப் பார்த்த உண்மைகள். ஆறு திசையிலும் சாலை பிரியும் திண்டிவனத்தில் நின்றுகொண்டு பக்கத்து ஊர், பக்கத்து ஊர் என்று போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் தனியாக விட்டுப்போன ஊருக்குக் கடைசியில் மாவட்டத்தையே குறுக்கே கடந்து போகவேண்டியிருக்கும்.)

இரண்டாவது கோளாறு கேள்வித்தாளில். கல்யாண வீட்டில் பந்தி பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 100 சொந்தக்காரர்கள். ஒவ்வொருவரும் முதல் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ உட்கார வேண்டும். நிபந்தனைகள் இப்படி வருகின்றன: 'பெரியப்பா முதல் பந்தியில் இருக்கணும், இல்லே அத்தை ரெண்டாம் பந்திக்குப் போகணும், இல்லே செஞ்சி மாமா முதல் பந்திக்கு வரணும். மூணுல ஒண்ணாவது நடக்கணும்.' இப்படி 200 நிபந்தனை என்றால் சுலபம், எப்படியாவது உட்காரவைத்துவிடலாம். 800 நிபந்தனை என்றால் அதுவும் அவ்வளவு கஷ்டம் இல்லை. நடக்காது என்பது ஒப்பீட்டளவில் சீக்கிரமே தெரிந்துவிடும், சமையல்காரரிடம் மூன்றாம் பந்தி சொல்லிவிடலாம். நடுவில், ஒரு ஆளுக்குச் சுமார் 4.3 நிபந்தனை என்ற கணக்கில், அதாவது 430 நிபந்தனைக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டருக்கே வியர்க்கும். முடியுமா முடியாதா என்பது கடைசிவரை தெரியாது. 1991-லும் 1992-லும் வந்த ஆராய்ச்சிகள் இந்தக் கண்டத்தை எண்ணோடு காட்டின.

தன் முறை சூரப்புலி என்று காட்ட நினைப்பவர் 200 நிபந்தனைக் கணக்காகப் பார்த்து ஆயிரம் கணக்கு எடுத்துக்கொண்டால் போதும். நூற்றுக்கு நூறு! 430 பக்கம் அவர் போகவே மாட்டார்.

மூன்றாவது, கேள்வித்தாளை முன்னாடியே வாங்கிப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுவது. இந்த முறைகளில் திருகிவைக்க நிறையத் திருகாணிகள் உண்டு. எத்தனை கூடு, எத்தனை பங்கு கைவிடுவது, எவ்வளவு தூரம் பறப்பது... சோதிக்கப்போகும் கணக்குகளை வைத்தே தன் முறையின் திருகாணிகளை ராப்பகலாகத் திருகிச் சரிசெய்துவிட்டு, எதிராளியின் முறையை டப்பாவிலிருந்து எடுத்தபடியே ஓடவிடுவது. நான்காவதாக அதிர்ஷ்டம். இவை எல்லாமே தாயக்கட்டை உருட்டும் முறைகள், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் விடை மாறும். ஐம்பது தடவை ஓட்டி ஆகச் சிறந்ததை மட்டும் அட்டவணையில் எழுதினால் கேட்க யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹூக்கர் 1995-லேயே இதையெல்லாம் வெளுத்து வாங்கினார். நாம் செய்யும் சோதனையே தப்பு என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. யார் முந்தினார் என்று ஓட்டப்பந்தயம் வைப்பதால் எந்த முறை வேகம் என்று தெரியுமே ஒழிய, ஏன் வேகம் என்று தெரியாது என்பது அவர் வாதம். மருந்து சோதிப்பதுபோல ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, எதனால் விடை மேம்பட்டது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். முப்பது வருடம் ஆகிவிட்டது, பந்தயம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் வோல்பெர்ட், மெக்ரெடி இருவரும் 1997-ல் ஒரு தேற்றம் கொடுத்தார்கள். உலகத்தில் சாத்தியமான எல்லாக் கணக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்த முறையும் எந்த முறையைவிடவும் உசத்தி இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு 'ஓசிச் சாப்பாடு கிடையாது' என்று பெயர். ஆகவே 'எல்லாவற்றுக்கும் சிறந்த முறை' என்று யாராவது விற்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

மூளைக்கும் அதே பரீட்சை

அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் மனித மூளையைப் பார்த்துச் செய்த நியூரல் நெட்வொர்க் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கும் பரீட்சை நடந்தது.

2022-ல் அமேசானில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்தக் கடினக் கணக்குகளுக்கு நியூரல் நெட்வொர்க் முறை ஒன்றை 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்றை நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் இப்படி: சொந்தத்தில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று பட்டியல் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சண்டையில் இல்லாதவர்களாகப் பார்த்து, எவ்வளவு அதிகம் பேரை அழைக்க முடியுமோ அழைக்க வேண்டும்.

ரோம் நகரின் சபியென்சா பல்கலைக்கழகத்திலிருந்து ஆஞ்செலினி, ரிச்சி-தெர்செங்கி என்ற இருவர் 2023-ல் அதே இதழில் பதில் எழுதினார்கள். யாருக்குச் சண்டைக்காரர்கள் குறைவோ அவரை முதலில் அழை, அவரோடு சண்டை போட்டவர்களை அடித்துவிடு, மிச்சப் பட்டியலில் மறுபடி அதே மாதிரி செய். எந்தப் பாட்டியும் சொல்லிவிடக்கூடிய இந்த எளிய முறை, நியூரல் நெட்வொர்க்கைவிட நல்ல விடையையும் தந்தது, பல மடங்கு சீக்கிரமாகவும் தந்தது. அமேசான் குழு தன் பக்க நியாயத்தை எழுதியது, இதழ் அதையும் வெளியிட்டது. விஞ்ஞானம் இப்படி வெளிச்சத்தில் சண்டை போடுவது நல்லதுதான். முதல் கட்டுரையிலேயே பாட்டி முறையோடு ஒரு ரவுண்டு மோதிப் பார்த்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, எல்லோர் போனிலும் இருக்கும் சாட்பாட். சுப்பாராவ் கம்பம்பாட்டி சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் மாணவர்களும் சாட்பாட்களுக்கு ஒரு பழைய விளையாட்டைக் கொடுத்தார்கள். மேஜைமேல் கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இந்த அடுக்கிலிருந்து அந்த அடுக்குக்கு மாற்ற வேண்டும். சமையலறையில் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிய எவருக்கும் தெரிந்த வேலை. 2023-ல் ஜி.பி.டி.-4 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கணக்குகளைத்தான் சரியாகச் செய்தது.

அதற்கு மேல் அவர்கள் செய்ததுதான் நல்ல பரிசோதனைக்கு இலக்கணம். விளையாட்டை மாற்றாமல் வார்த்தைகளை மட்டும் மாற்றினார்கள். 'எடு' என்பதற்குப் பதில் 'தாக்கு', 'பிரி' என்பதற்குப் பதில் 'விருந்து' என்று சம்பந்தமில்லாத சொற்கள். கணக்கு அதேதான். நிஜமாகவே யோசிப்பவருக்குப் பெயர் மாறினால் என்ன? ஜி.பி.டி.-4 கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. 2024-ல் வந்த ஓ-1 மாதிரி சாதாரண வடிவில் 97.8 சதவிகிதம் எடுத்து அசத்தியது. வார்த்தை மாற்றியதில் 52.8. பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. அதே கணக்குகளை 'ஃபாஸ்ட் டவுன்வார்டு' என்ற பழைய பாணித் திட்டமிடும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள், வார்த்தை எதுவாக இருந்தாலும் நூற்றுக்கு நூறு முடித்தது. அதற்குச் சந்தாவும் கிடையாது.

காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும்

இதெல்லாம் ரோமிலும் அரிசோனாவிலும் நடக்கிற விஷயம் என்று ஒதுக்க முடியாது. விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் தனியார் கல்லூரிகள் வேறு. வருடா வருடம் கடைசி செமஸ்டரில் பிள்ளைகள் புராஜெக்ட் செய்தாக வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வருகிற பிள்ளைகள் அதில் ஏராளம். அவர்களில் யாராவது காசு கொடுத்து 'மேம்படுத்தப்பட்ட கலப்பினக் குயில்-ஓநாய் முறை' மாதிரி ஒரு தலைப்பை வாங்கிவந்து, நோஞ்சானை ஜெயித்த அட்டவணையை ஒட்டிக் கொடுத்தால், அப்பா சேர்த்துவைத்த பணமும் போகும், நான்கு வருடப் படிப்பின் கடைசி ஆறு மாதமும் போகும். இன்டர்வியூவில் 'லின்-கெர்னிகானோடு ஒப்பிட்டீங்களா தம்பி?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் தலை குனியவேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் இந்த ஆராய்ச்சிக்கு லேப் வேண்டாம், லேப்டாப் போதும். ஜெர்மனியின் கெர்ஹார்டு ரைனெல்ட் 1991-ல் தொகுத்து வைத்த பயணப் புதிர்கள் 'டி.எஸ்.பி.லிப்' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன, சரியான விடைகளோடு. டென்மார்க்கின் கெல்டு ஹெல்ஸ்கான் லின்-கெர்னிகான் முறையை இன்னும் கூர்தீட்டி எழுதிய மென்பொருளும், வில்லியம் குக்கும் நண்பர்களும் எழுதிய 'கான்கார்டு' மென்பொருளும் படிப்பு, ஆராய்ச்சிக்கு இலவசம். கான்கார்டின் பெருமை, விடை தருவதோடு இதைவிடக் குறைந்த வழி இல்லவே இல்லை என்று நிரூபித்தும் தரும். 1954-ல் 49 ஊருக்கு இப்படி நிரூபித்ததே பெரிய சாதனையாக இருந்தது. 2006-ல் கான்கார்டு 85,900 புள்ளிகளுக்கு நிரூபித்தது. 2025-ல் குக், ஹெல்ஸ்கான் உள்ளிட்ட குழு தென்கொரியாவின் 81,998 மதுக்கடைகளுக்கும் நடந்தே போய்வர ஆகக் குறைந்த வழியைக் கண்டுபிடித்தது. தூங்காமல் நிற்காமல் நடந்தால் 178 நாள். ஏன் மதுக்கடை என்று கேட்காதீர்கள், வரைபடத்தில் கிடைத்தது அதுதான்.

உரைகல் இப்படிக் கையில் இருக்கும்போது ஒரு மாணவி தன் மாவட்டத்து ஊராட்சிகளுக்கே தூர அட்டவணை தயாரித்து, குயிலையும் ஓநாயையும் முப்பது முப்பது தடவை ஓடவிட்டு, சிறந்ததோடு மோசமானதையும் எழுதி, பக்கத்தில் கான்கார்டு தந்த விடையையும் வைத்தால், அது உருப்படியான புராஜெக்ட். குயில் தோற்றாலும்தான். 'என் முறை இந்த இந்த இடத்தில் தோற்றது, காரணம் இது' என்று எழுதும் அறிக்கைக்கு மார்க் குறைக்கிற வழக்கம் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் அதை முதலில் மாற்ற வேண்டும்.

பாஸ்டன் பெற்றோர் கேட்ட கேள்வி

எதை வைத்து அளப்பது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிப் பேருந்துச் செலவு கட்டுக்கடங்காமல் போக, 2017-ல் மாநகரப் பள்ளி நிர்வாகம் ஒரு போட்டி வைத்தது. எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல) குழு ஜெயித்தது. டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்கள் இருவரும். அவர்கள் போட்ட வழித்தடங்களால் சுமார் 50 பேருந்துகள் குறைந்தன, வருடத்துக்கு 50 லட்சம் டாலர் மிச்சம். அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்து பள்ளி மணி அடிக்கும் நேரத்தையும் அதே வழியில் மாற்றிப் போட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்குக் காலைத் தூக்கம் வேண்டும் என்பதால் பெரிய வகுப்புகளைத் தாமதமாகத் தொடங்குவது, அதற்கு ஈடாகச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றைச் சீக்கிரம் தொடங்குவது. கணக்குப்படி அருமையான விடை. டிசம்பரில் அறிவித்ததும் பெற்றோர் கொதித்துவிட்டார்கள். ஏழரை மணிக்கு முன்பே ஆரம்பிக்கிற பள்ளிக்குக் குழந்தையை எப்போது எழுப்புவது? மதியமே விட்டுவிட்டால் வேலைக்குப் போன அம்மா வரும்வரை யார் பார்த்துக்கொள்வது? சில வாரங்களுக்குள் திட்டம் கைவிடப்பட்டது. கம்ப்யூட்டர் கொடுத்த விடையில் தப்பில்லை. அளவுகோலில் பாட்டி வீடு, பக்கத்து வீடு, ஷிப்டு நேரம் எதுவும் ஏறவில்லை.

செஞ்சியிலோ திண்டிவனத்திலோ ஜவுளிக்கடையில் வேலை முடித்து ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும் பெண்களுக்கு, அந்த பஸ்ஸில் பன்னிரண்டே பேர் ஏறுகிறார்கள் என்பது கலெக்‌ஷன் அட்டவணையில் ஒரு சின்ன எண். கிலோமீட்டரையும் டீசலையும் மட்டும் அளக்கும் எந்த முறையும், குயிலோ ஓநாயோ கான்கார்டோ, முதலில் வெட்டுவது அந்த நடையைத்தான். வெட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனையை முன்கூட்டியே எழுதிச் சேர்த்துவிட்டால் எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டு வேறு விடை தேடும். அந்த ஒரு வரியை எழுத, அட்டவணை போடுகிற மேஜையில் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.